குனிய வேண்டியது யார்?

சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். வளர்ப்பு நாய்களை வாக்கிங் கூட்டிப் போகிறார்கள். ராத்திரி முழுக்க ஃபிளாட்டுக்குள் அடக்கி வைத்திருந்த நாய்க்குக் கீழே இறங்கியதும் அவசரம். தரையை மோந்து பார்த்து, இரண்டு சுற்று சுற்றி, யாரோ ஒருவர் வீட்டு மதிலோரம் முதுகை வளைத்து உட்காரும். கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் அந்த அரை நிமிஷமும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டிவிட்டு நடையைக் கட்டுவார்.

கிடப்பது அங்கேயே கிடக்கும். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் ஷூவில் அது ஒட்டுகிறது. பைக் சக்கரத்தில் ஏறி அடுத்த தெரு வரை போகிறது. பார்வையற்ற ஒருவர் தட்டித் தட்டி நடந்து வரும் கோலின் நுனியில் படிகிறது. வீட்டுக்குப் போய் அந்தக் கோலை மடித்து வைக்கும்போது அது அவர் கைக்கும் வருகிறது. கோலம் போட்டவர் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “தினமும் எங்க வாசல்தானா கிடைச்சுது?” என்று கத்துகிறார். பதிலுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: “வாயில்லா ஜீவன், அதுக்கு என்னங்க தெரியும்?”

அதற்குத் தெரியாது, சரிதான். தெரிய வேண்டியவர் கயிற்றைப் பிடித்திருப்பவர். நாய் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதால் இந்தக் கட்டுரையில் அதைப் பற்றிக் குறையே சொல்லப்போவதில்லை.

ஏழு மணிக்கு மேல் தூய்மைப் பணியாளர் வருகிறார். அவர் வேலை செய்வதை ஒருமுறை கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஈரமாகக் கிடக்கும் நாய் மலத்தைத் துடைப்பத்தால் தள்ள முடியாது. தள்ளினால் தார்ச்சாலையில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், ஈர்க்குச்சிகளுக்கு நடுவே புகுந்துவிடும். அப்புறம் அந்தத் துடைப்பத்தை வைத்து அன்றைக்கு எந்தத் தெருவைப் பெருக்கினாலும் நாற்றம் கூடவே வரும். அதனால் முதலில் சாலையோரத்து மண்ணை ஒரு கை அள்ளி அதன் மேல் தூவுகிறார். கொஞ்சம் பொறுத்து, கிழிந்த அட்டைத் துண்டு ஒன்றை அடியில் செருகி, இன்னொரு துண்டால் வழித்து எடுக்கிறார். கையுறை கொடுத்திருந்தாலும் அது தடிமனானது. விரல் மடங்காது என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு தெருவில் ஏழெட்டு இடம். இதற்கென்று அவருக்குத் தனி நேரமோ தனிக் கூலியோ கிடையாது.

நாய் மலம் தொல்லை என்று பேசும்போது நாம் வழக்கமாக நாற்றத்தையும் செருப்பையும் சொல்கிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் குனிதல். ஒரு நாளில் பலமுறை, பல நூறு வீடுகளின் செல்லங்களுக்காக, அந்த நாய்களின் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் குனிகிறார். உலகத்தில் எந்த ஊர் இந்தத் தொல்லையை ஓரளவுக்காவது தீர்த்திருக்கிறது என்று தேடிப் பார்த்தால், தீர்வு ஒவ்வொரு முறையும் இந்த ஒரே இடத்தில்தான் முடிகிறது. குனிபவர் மாறியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு

“வெயில்ல காஞ்சு போயிடும்” என்பது நம் ஊரில் பரவலான சமாதானம். கூடவே இன்னொன்றும் வரும்: “சாணி மாதிரிதானே, மண்ணுக்கு உரம்.” இரண்டையும் விளக்கமாகப் பார்ப்பது நல்லது.

மாடு தின்பது புல்லும் வைக்கோலும். நாய் தின்பது இறைச்சியும், புரதம் செறிந்த பாக்கெட் தீவனமும். பெல்ஜியத்தில் கென்ட் நகரை அடுத்த இயற்கைக் காப்பிடங்களில் கென்ட் பல்கலைக்கழகத்தினர் நாய்களைக் கணக்கெடுத்து 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய்களின் மலமும் சிறுநீருமாக, ஒரு ஹெக்டேரில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்கின்றன என்பது அவர்கள் கண்டது. அளவுக்கு மீறிய இந்த ஊட்டத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடிகள் ஒடுங்கி, களைகள் மேலோங்கும். சென்னையில் தெருவில் விழுவது மண்ணுக்குக்கூடப் போவதில்லை. ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் நேரே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கடலுக்கும் போகும். நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை.

காய்ந்துபோவதைப் பற்றி. நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழு ஒன்று உண்டு, பெயர் டாக்ஸோகாரா கேனிஸ். ஒரு பெண் புழு நாளுக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இடக்கூடியது. மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே யாருக்கும் தொற்றாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டிலிருந்து நான்கு வாரம் கிடந்தால்தான் உள்ளே லார்வா முதிர்ந்து தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதற்குள் மலம் உதிர்ந்து, கரைந்து, மறைந்திருக்கும். முட்டை மட்டும் மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக, பார்த்து முகம் சுளித்து ஒதுங்கிப் போகிற நாளில் அதில் ஆபத்து குறைவு. பூங்காவில் மண் சுத்தமாகத் தெரிகிறதே என்று பிள்ளையை உட்கார வைக்கிற நாளில்தான் ஆபத்து அதிகம்.

மண் அளைந்த விரலை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றில் அந்த முட்டை பொரிகிறது. மனித உடம்பு அந்தப் புழுவுக்கு உரிய வீடு அல்ல. வழி தெரியாத லார்வா குடலைத் துளைத்துக்கொண்டு கல்லீரல், நுரையீரல் என்று அலையும். சில சமயம் கண்ணுக்குப் போகும். 1950-இல் அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்ற ஆய்வாளர், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைச் சோதித்தார். விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் எடுக்கப்பட்ட கண்களும் அவற்றில் இருந்தன. பல கண்களில் அவர் கண்டது புழுவின் லார்வா. அது நாயின் உருண்டைப் புழு என்று சில ஆண்டுகள் கழித்து உறுதியானது. இப்படிக் கண் கெடுவது அபூர்வம்தான். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே போய்விடும். ஆனால் முழுக்கத் தவிர்க்கக்கூடிய ஒன்றால் ஒரு குழந்தைக்குப் பார்வை போவதை அபூர்வம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடற்கரைக்கு இன்னொரு புழு. நாயின் கொக்கிப் புழு மணலில் பொரிந்து, வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலுக்குள் நுழையும். சிவந்த கோடாகத் தோலுக்கடியில் நெளிந்து நெளிந்து நகரும். ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறவர்கள்.

இதிலிருந்து ஒரு நல்ல சேதியும் கிடைக்கிறது. உருண்டைப் புழுவின் முட்டை முதிர வாரக்கணக்கில் ஆகிறது என்றால், நாய் போன கையோடு எடுத்துவிட்டால் மண்ணுக்கு அந்தப் புழுவால் ஆபத்தில்லை. எடுப்பவருக்கும் அதனால் ஆபத்தில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குட்டிகள் தாயின் வயிற்றிலேயே இந்தப் புழுவை வாங்கிக்கொண்டு பிறப்பதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். தடுப்பூசிக்கு மறக்காமல் போகிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நியூயார்க்கில் குனிந்தவர்கள், பாரிஸில் குனியாதவர்கள்

1970-களின் நியூயார்க் நடைபாதைகளைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் நம் தெருவே தேவலை என்று தோன்றும். லட்சக்கணக்கான நாய்கள் இருந்த ஊர் அது. நடைபாதையில் போகவிடாதே, சாலையோரப் பள்ளத்தில் போகவிடு என்பதோடு விதி முடிந்தது. எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் குரல் எழுப்பியவர்களில் ஃபிரான் லீ முக்கியமானவர். தொலைக்காட்சியில் நுகர்வோர் பிரச்சினைகளைப் பேசிப் பிரபலமான பெண். டாக்ஸோகாராவைப் பற்றிப் படித்துவிட்டு, நாய்களுக்கு முன்னால் குழந்தைகள் என்ற பெயரில் ஒரு இயக்கத்தையே தொடங்கினார். நாய் வளர்ப்போர் கொதித்தார்கள். பொதுக்கூட்டம் ஒன்றில் நாய் மலத்தைப் பொட்டலம் கட்டி அவர் மேலேயே எறிந்தார்கள். அவர் அசரவில்லை. இதில் பலருக்குத் தெரியாத செய்தி, பின்னால் வந்த ‘எடுத்துவிட வேண்டும்’ என்ற சட்டத்தையே அவர் எதிர்த்தார் என்பது. எடுப்பதெல்லாம் போதாது, நாய் தெருவில் போகவே கூடாது, வீட்டுக் கழிவறையில் போகப் பழக்குங்கள் என்பது அவர் கட்சி. அப்போது அது அளவுக்கு மீறிய பிடிவாதமாகத் தெரிந்தது. இன்றைய சென்னை ஃபிளாட்டுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

பிராணிகள் நலச் சங்கமும் சட்டத்தை எதிர்த்தது. எடுக்கச் சொன்னால் ஜனங்கள் நாயையே தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் பயம். நகர மன்றத்தில் வழி பிறக்காமல், எட் காச் மேயராக இருந்தபோது மாநிலச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். 1978 ஆகஸ்ட் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. எடுக்காவிட்டால் 100 டாலர் வரை அபராதம். பயந்தபடி நாய்களை யாரும் கும்பல் கும்பலாகக் கைவிடவில்லை. வளர்த்தவர்கள் குனிந்து எடுத்தார்கள். எல்லா மூலையிலும் அதிகாரி நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. சட்டம் செய்தது வேறு ஒன்று. “எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லும் உரிமையைத் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. அதுவரை அப்படிச் சொன்னவர் சண்டைக்காரர். 1978-க்குப் பிறகு சொல்லாதவர்தான் கடமை தவறியவர்.

பாரிஸ் எதிர்த்திசையில் போனது. 1982-இல், ஜாக் ஷிராக் மேயராக இருந்தபோது, பச்சை நிற மோட்டார் சைக்கிள்களில் உறிஞ்சுகுழாய் பொருத்தி ஊழியர்களை அனுப்பினார்கள். வளர்ப்பவர் தன்பாட்டுக்குப் போகலாம், நகராட்சி வண்டி பின்னால் வந்து எடுக்கும். பெரும் செலவில் இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். தெருவில் விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அந்த வண்டிகளால் எடுக்க முடிந்தது. கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு வளர்ப்பவருக்கே அபராதம் போடும் வழிக்கு வந்தார்கள். எடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் எடுப்பதில்லை. பாரிஸில் மோட்டார் சைக்கிள் செய்த வேலையை நம் ஊரில் தூய்மைப் பணியாளரின் கை செய்துகொண்டிருக்கிறது.

சாமி படமும் கண் படமும்

சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க சாமி படம் போட்ட டைல்ஸ் பதிப்பது நமக்குப் பழகிய வழி. பிள்ளையார், மேரி மாதா, பிறை நட்சத்திரம் என்று வரிசையாக ஒட்டியிருப்பார்கள். இங்கிலாந்தில் இதற்கு உறவான ஒன்றை ஆராய்ச்சியாகவே செய்தார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிசா பேட்சன், டேனியல் நெட்டில் குழுவினர், உற்றுப் பார்க்கும் கண்களின் படம் மனிதர்களை ஒழுங்காக நடக்க வைக்கிறது என்று காட்டியவர்கள். அதை எடுத்துக்கொண்டு ‘கீப் பிரிட்டன் டைடி’ அமைப்பு 2014-இல் இருட்டிலும் ஒளிரும் கண்களோடு சுவரொட்டிகளை நாய் நடமாடும் இடங்களில் ஒட்டியது. அங்கே நாய் மலம் 46 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள்.

ஆனால் அதே நியூகாசில் குழு சைக்கிள் திருட்டில் இதைச் சோதித்தபோது கிடைத்த முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கண் படம் வைத்த நிறுத்துமிடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. படம் வைக்காத இடங்களில் 65 சதவீதம் கூடியது. சாமி டைல்ஸிலும் நடப்பது இதுதான். தப்பு செய்பவர் நான்கு அடி தள்ளிப் போகிறார். ‘இங்கே நாயை அழைத்து வராதீர்’ என்று கேட்டில் பலகை மாட்டினால் நம் வாசல் தப்பும், பக்கத்துக் காலி மனை நாறும்.

சட்டத்தின் பக்கம் பிரிட்டன் விடாமல் முயன்றிருக்கிறது. நாய் மலத்துக்கென்றே 1996-இல் தனிச் சட்டம் போட்டது. பிறகு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகள் தாங்களே இடத்துக்கேற்ற ஆணை பிறப்பிக்கலாம் என்றானது. டேவென்ட்ரி என்ற சிறிய ஊரின் மன்றம் 2015-இல் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. நாய் மலம் போடும்போது பிடிப்பது கஷ்டம். அதனால் நாயோடு வெளியே வருகிறவர் எடுக்கப் பை வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம், இல்லாவிட்டால் 100 பவுண்டு அபராதம் என்றார்கள். கையில் கயிறு இருந்தால் இன்னொரு கையில் காகிதமோ பையோ இருக்க வேண்டும். யாரும் எந்த நேரத்திலும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விதி.

மலத்திலிருந்து மரபணு எடுத்து நாயைக் கண்டுபிடிக்கிற வேலையும் நடக்கிறது. இஸ்ரேலின் பெடா டிக்வாவில் 2008-இல் சோதித்தார்கள். லண்டனின் பார்க்கிங் அண்ட் டாகன்ஹாம் பகுதியில் முயன்றார்கள். இத்தாலியின் போல்சானோ மாகாணத்தில் எல்லா நாய்க்கும் மரபணுப் பதிவு கட்டாயமாக்கினார்கள். செலவு அதிகம், பதிவு செய்யாத நாய்க்கும் வெளியூர் நாய்க்கும் அது செல்லாது. லட்சக்கணக்கில் தெருநாய் உள்ள நம் ஊருக்கு இது சரிப்படாது.

ஸ்பெயினில் மாட்ரிட்டுக்கு அருகே புருனேட்டே என்ற சிற்றூர் 2013-இல் செய்தது மலிவானது. எடுக்காமல் போகிறவரோடு தன்னார்வலர்கள் பேச்சுக் கொடுத்து, நாயின் இனத்தையும் பெயரையும் தெரிந்துகொண்டார்கள். நகராட்சிப் பதிவேட்டில் தேடினால் முகவரி வந்துவிடும். அன்றே அந்த மலத்தைப் பெட்டியில் போட்டு, தொலைந்த பொருள் என்று எழுதி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தெருவில் மலம் 70 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். பெட்டி அனுப்புவதை நான் இங்கே சிபாரிசு செய்ய மாட்டேன். அக்கம்பக்கத்தில் தலைமுறைப் பகை வந்துவிடும். கவனிக்க வேண்டியது அந்தப் பதிவேட்டை.

நம்மிடம் என்ன இருக்கிறது

பதிவேடு இப்போது நம்மிடமும் உருவாகிறது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதற்குப் பிறகு வளர்ப்பு நாய் உரிமம் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. 2025-இன் கடைசி மாதங்களில் உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் மாநகராட்சி கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. முகாம்களில் நாயைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்ன நாய்க்கு இன்னார் பொறுப்பு என்ற எழுத்து முதல்முறையாகப் பெரிய அளவில் சேர்ந்திருக்கிறது. அதைக் கடிக்கு மட்டும் பயன்படுத்துவானேன்?

விதியில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ப்பவர்கள் பொது இடத்தில் நாய் மலத்தை எடுத்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே ஆவணத்தில், மத்திய மாநிலச் சட்டம் இல்லாத நிலையில், குடியிருப்போர் சங்கங்களும் அடுக்குமாடிச் சங்கங்களும் இதைக் கட்டாய விதியாக்கி அபராதம் வசூலிக்க முடியாது, கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும் என்றும் சொன்னது. சங்கங்கள் நாய் வளர்ப்பவர்களை விரட்டிய கொடுமைகள் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. அதன் விளைவு, கட்டாயப்படுத்தும் அதிகாரம் உள்ளாட்சியிடம்தான் இருக்க வேண்டும் என்பது. மும்பை மாநகராட்சி 2006-லேயே தூய்மைத் துணைவிதிகளில் வளர்ப்புப் பிராணி அசுத்தம் செய்தால் 500 ரூபாய் என்று எழுதிவிட்டது.

“தெருநாய் போடறதை யார் எடுக்கிறது? அதை நிறுத்துங்க முதல்ல” என்பது இங்கே எப்போதும் வரும் கேள்வி. நியாயமான கேள்வி. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் 1.81 லட்சம், 2018-இல் அது சுமார் 57,000. அவை போடுவதை எடுக்கும் பொறுப்பு உண்மையிலேயே ஊருக்கு. கருத்தடையை வேகப்படுத்துவது ஒரு வழி. தெருநாய்கள் பற்றிய 2023 விதிகள் சொல்கிறபடி சோறு வைக்க ஓர் இடத்தைக் குறித்தால், நாய்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டத்தில் இருக்கும், அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யலாம். ஆனால் ஆளில்லாத நாயைக் காட்டி, ஆளுள்ள நாயின் ஆள் தப்பிக்க முடியாது. தெருநாய்க்கு இல்லாத ஒன்று வளர்ப்பு நாய்க்கு இருக்கிறது: பக்கத்திலேயே நிற்கும் ஒரு மனிதர்.

அவர் ஏன் குனிவதில்லை? பையில்லை, தொட்டியில்லை என்பதெல்லாம் மேலோட்டமான காரணம். வீட்டில் பிள்ளைக்கு டயப்பர் மாற்றுகிற அதே கை இதற்கு நீளாது. மலம் எடுப்பது ‘அவர்கள்’ வேலை என்று நூற்றாண்டுகளாக ஊறிய நினைப்பு அது. சாதியை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் துப்புரவைப் பேச முடியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனித மலத்தை மனிதர் கையால் அள்ளவைப்பதைத் தடை செய்தது. நாயின் மலம் அந்த வரையறைக்குள் வராது. சட்டத்தின் சொற்களுக்கு வெளியே, அதே சமூகங்களைச் சேர்ந்த பெண்கள், அதே வேலையை நம் செல்லங்களுக்குச் செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களும் இவர்கள்தான். அவர்களுக்காக நம்மில் பலர் மனம் நொந்தோம். மறுநாள் காலை நாயை எங்கே உட்காரவிட்டோம் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிவறைகள் நாறியதைத் தொண்டர்களிடம் காந்தி சொன்னபோது, அது எங்கள் வேலை அல்ல, தோட்டியின் வேலை என்றார்கள். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். அதைத் தன் சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். நூற்றிருபது ஆண்டு கழித்து அதே பதில், வாக்கிங் ஷூ போட்டுக்கொண்டு நம் தெருவில் நிற்கிறது.

நிறைய வீடுகளில் கயிற்றைப் பிடித்திருப்பவர் உரிமையாளரே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று யாரோ ஒருவர் பிடித்திருப்பார். அவரைத் தெருவில் நிறுத்தித் திட்டுவது எளிது. அவருக்குக் காகிதமும் கொடுக்கவில்லை, அதற்கு ஒரு ரூபாய் சேர்த்தும் கொடுக்கவில்லை. பேச வேண்டிய ஆள் மேலே ஃபிளாட்டில் இருக்கிறார்.

எடுப்பது எப்படி

எடுத்துப் பழகாதவர்களுக்கு இது பெரிய அருவருப்பாகத் தெரியும். செய்து பார்த்தால் பத்து விநாடி வேலை. பழைய செய்தித்தாளில் ஒரு தாளை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் மோந்து சுற்ற ஆரம்பித்ததும் பிரித்துவிடுங்கள். முதுகை வளைத்து உட்கார்ந்ததும் பின்பக்கமாகத் தாளைச் செருகிவிட்டால் தரையில் விழவே விழாது. முதல் இரண்டு நாள் நாய் திரும்பிப் பார்க்கும், எழுந்து நகரும், அப்புறம் பழகிவிடும். நான்கு மூலையையும் சேர்த்துப் பொட்டலமாக முறுக்கி, வீட்டுக்கு வந்து மலத்தை மட்டும் கழிவறையில் தட்டித் தண்ணீர் விட வேண்டும். காகிதத்தைக் கோப்பைக்குள் போடக் கூடாது, அடைத்துக்கொள்ளும். மக்கும் குப்பையிலும் மலத்தைச் சேர்க்கக் கூடாது. வீட்டு உரத்தொட்டியின் சூடு புழு முட்டையைக் கொல்லப் போதாது, அந்த உரம் கீரைப் பாத்திக்குப் போகும். பிளாஸ்டிக் கைப்பைகள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பதால், காகிதமே நமக்கு நல்லது.

இதைவிட நல்லது ஃபிரான் லீ சொன்ன வழி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய்க்குக் குடல் அசையும். குட்டிகளுக்கு இன்னும் சீக்கிரம். நேரம் தவறாமல் சோறு வைத்தால் நேரம் தவறாமல் போகும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரு தட்டில் மணல் பரப்பி, காலையில் முதலில் அங்கே கூட்டிப் போய் நிறுத்தி, போனதும் ஒரு பிஸ்கட் கொடுத்துப் பாராட்டினால், சில வாரங்களில் பெரும்பாலான நாய்கள் பழகிவிடும். அதற்குப் பிறகு தெருவுக்குப் போவது நடப்பதற்காக மட்டும். பெரிய அடுக்குமாடிகளில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள ஒரு மூலையை இதற்கென ஒதுக்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் மண்ணின் நாய்கள். கிராமத்துக் காட்டுப் பக்கம் அவற்றைப் பெரும்பாலும் கட்டிப்போட்டு வளர்க்கவில்லை. விடிவதற்கு முன் எங்கோ புதர்ப்பக்கம் போய்விட்டு வந்துவிடும், அங்கே வெயிலும் வண்டுகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நகரத்துக்கு நாயைக் கொண்டுவந்தவர்கள் நாம். காட்டைக் கூடக் கொண்டுவர முடியாது என்பதால் அந்த வண்டின் வேலை நமக்கு வந்துவிட்டது. சராசரியாக ஒரு நாய்க்கு நாளுக்கு முந்நூறு கிராம் என்று வைத்தாலும், ஆயிரம் நாய் உள்ள ஒரு வட்டாரத்தில் தினமும் முந்நூறு கிலோ. அதை ஒரு தூய்மைப் பணியாளர் எடுத்தால் பாரம். ஆயிரம் பேர் எடுத்தால் ஆளுக்கு ஒரு பொட்டலம்.

மாநகராட்சி செய்யக்கூடியதும் பெரிய செலவில்லாதது. நாய் உரிமம் கொடுக்கும்போதே, மலத்தை எடுப்பேன் என்ற நிபந்தனையில் கையெழுத்து வாங்கலாம். மீறினால் உரிமத்தோடு சேர்த்து அபராதம் போடலாம். டேவென்ட்ரியைப் போல, கையில் காகிதமோ பையோ இல்லாமல் நாயோடு வருவதையே குற்றமாக்கலாம். பூங்கா வாசலில் மூடியுள்ள தொட்டி ஒன்று வைத்து, அதை யார், எந்த நேரத்தில், எந்த உபகரணத்தோடு காலி செய்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தொட்டி வைத்துவிட்டுக் கையை விட்டே அள்ளச் சொன்னால் பழைய கதைதான். தெருப் பெருக்கும் ஒப்பந்தங்களில், வளர்ப்பு நாயின் மலத்தை எடுப்பது பணியாளரின் வேலை அல்ல என்று ஒரு வரி சேர்க்கலாம்.

வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் தமிழ்நாட்டு நகரங்களில் விதிப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. குடிநீரும் தெருவிளக்கும் பேசி முடித்த பிறகு, உங்கள் பகுதிக் கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுந்து நின்று கேளுங்கள்: உரிமத்தில் அந்த நிபந்தனை, ஒப்பந்தத்தில் அந்த வரி. கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.